கட்டியும் கத்தியும்

"கத்தி பட்டால் கட்டி பரவும்" என்பது எங்கள் ஊரில் வேதவாக்கு. அதை நம்பி, கன்னத்தின் உட்புறம் இருந்த ஒரு கட்டியை என் பாட்டி ஐந்து ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வாய். புற்றுநோய்தான் என்று அவரே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். உண்ணும்போதெல்லாம் கட்டி பல்லில் கடிபடத் தொடங்கிய பிறகே உண்மை வெளிவந்தது.

அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். கட்டி மென்மையாக, மஞ்சள் நிறமாக, வலியின்றி இருந்தது. "கொழுப்புக் கட்டியாக இருக்கலாம், எடுத்துச் சோதித்தால்தான் உறுதி" என்றார் மருத்துவர். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, மேற்சவ்வைக் கீறி, மெல்லிய உறையோடு கட்டியை முழுதாகப் பிரித்தெடுத்துத் தையலிட்டார். ஃபார்மலின் சீசாவில் இட்டபோது அது மூழ்காமல் மிதந்தது. ஆய்வு முடிவு 'லிப்போமா' என்று வந்த அன்றுதான் பாட்டி வாய்விட்டு அழுதார்.

நானோ நாணினேன். கொழுப்புத் திசுவின் படத்தை ரெக்கார்டு நோட்டில் வரைந்து கையொப்பம் பெற்றவன் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். அதே திசு என் வீட்டில் ஓர் உயிரை ஐந்து ஆண்டுகள் அச்சத்தில் வாட்டியதை அறியேன்! வாயில் அரிதாக வரும் இக்கட்டியை ரூ என்பவர் 1848-ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளார். அந்த அறிவு எங்கள் தெருவுக்கு வரவில்லையே!

லிப்போமா பரவுவதில்லை, முழுதாக எடுத்தால் மீண்டும் வருவதும் அரிது. அப்படியானால் கவலையே வேண்டாமா? அதுவும் தவறு. வாய்ப் புற்றுநோயும் தொடக்கத்தில் வலிக்காமல் இருக்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளும் இதே தோற்றத்தில் வரலாம். இன்னது என்று சொல்ல வேண்டியது நுண்ணோக்கியே அன்றி, நம் கண்ணன்று. பாட்டியின் கட்டி தீங்கற்றது, பிழைத்தோம். அந்த ஐந்து ஆண்டுகள் புற்றுநோய்க்குக் கிடைத்திருந்தால்? பரவச் செய்வது கத்தியன்று, காலதாமதமே.

நண்பர்களே! மதிப்பெண்ணுக்காகப் படித்ததை வீட்டுத் திண்ணைக்கும் கொண்டு செல்வோம். வாயில் கட்டியோ ஆறாத புண்ணோ உண்டா என்று இந்த விடுமுறையில் பெரியவர்களைக் கேட்போம்.

பாட்டி புகையிலையை விட்டுவிட்டார். வெற்றிலை பாக்கை இன்னும் விடவில்லை. அந்த வழக்கு எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது, நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்