உங்க டாக்டர் எத்தனை பேப்பர் போட்டிருக்கார்?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டலை மக்களே. சித்தப்பாவுக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். வயசு 64. ஆபீஸ், ஆஸ்பத்திரி, திரும்ப ஆபீஸ்னு ஓட்டம். ஆனா இது சோகப் பதிவு இல்லை, வயித்தெரிச்சல் பதிவு.

போன வாரம் வீட்டில் குடும்ப மாநாடு. பெரியப்பா பையன் (நம்ம பொட்டி தட்டுற தொழில்தான், எனக்கு நாலு வருஷம் சீனியர்) ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்தார். நாலு டாக்டர்கள் பேர். பக்கத்தில் பப்மெட்டில் எத்தனை ஆய்வுக் கட்டுரை, ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு. "இப்ப பாக்குறவருக்கு 11 தான்டா. இவருக்கு 140. மாத்திடலாம்."

கத்தரிக்காய் வாங்குறப்ப கூட நாம காம்பைப் பாப்போமே அண்ணே!

உண்மையைச் சொல்லிடறேன். அந்த ஷீட்டுக்கு விதை போட்டவனே நான்தான். பயாப்ஸி ரிசல்ட் வந்த ராத்திரி, பயத்துல மொதல்ல தேடினது நான். அதனால திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

அந்த 140-ஐ ஒவ்வொண்ணா திறந்து பார்த்தேன். ஒண்ணு மீனுக்கு வர்ற நோயைப் பத்தி! அங்கே ஆளைத் தேடுறது குடும்பப் பேரையும் இனிஷியலையும் வெச்சு. நமக்கு குடும்பப் பேரே கிடையாது. ஒரே பேர், ஒரே இனிஷியல்ல எத்தனை பேர் இருக்காங்களோ, அத்தனை பேர் கணக்கும் ஒருத்தர் தலையில. ஹெச்-இன்டெக்ஸ் கதை இன்னும் ஜோர். 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் கண்டுபிடிச்சது. 20 கட்டுரை, ஒவ்வொண்ணையும் குறைஞ்சது 20 பேராவது மேற்கோள் காட்டியிருந்தா 20 மார்க். சித்தப்பாவுக்கு நரம்பு கிடைக்காம ஊசி குத்துறப்ப இந்த மார்க் எதுக்கு ஆகும்?

லிம்போமான்னாலே அடிபடுற பேர் டெனிஸ் பர்கிட். உகாண்டாவில், கம்பாலா முலாகோ ஆஸ்பத்திரியில் சர்ஜன். ஆராய்ச்சியாளரே கிடையாது. 1957-ல் தாடை நாலு பக்கமும் வீங்கின ஒரு குழந்தையைப் பார்க்கிறார். கொஞ்ச நாள்ல வேற ஊர்ல அதே மாதிரி இன்னொண்ணு. 1958-ல் ஒரு கட்டுரை எழுதறார், பெரிசா யாரும் கண்டுக்கலை. மனுஷன் விடலை. 1961-ல் பழைய ஸ்டேஷன் வேகன் ஒண்ணுல ரெண்டு டாக்டர் நண்பர்களோட 10 வாரம், சுமார் 10,000 மைல். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இறங்கி, போட்டோவைக் காட்டி, "இந்த மாதிரி குழந்தை இங்கே வந்துச்சா?"ன்னு கேட்டு மேப்ல குறிச்சிட்டே போறார். குளிரான மேட்டு நிலத்துல இந்த நோய் இல்லை. சூடும் மழையும் உள்ள இடங்கள்ல, மலேரியா இருக்கிற இடங்கள்லதான் இருக்கு. அந்தப் பத்து வாரத்துக்கு நம்ம ஷீட்ல மார்க் முட்டை.

அதே வருஷம் மார்ச்சில் லண்டன்ல அவர் பேசினதைக் கேட்டவர் ஆண்டனி எப்ஸ்டீன். உகாண்டாவிலிருந்து விமானத்துல கட்டித் துணுக்குகள் வர, ரெண்டு வருஷத்துக்கு மேல தேடியும் வைரஸ் சிக்கலை. 1963 டிசம்பர்ல பனிமூட்டம், விமானத்தை மான்செஸ்டருக்குத் திருப்பி விட்டாங்க. லேட்டா வந்த குப்பியில தண்ணி கலங்கியிருந்துச்சு. கெட்டுப்போச்சுன்னு கொட்டாம மைக்ராஸ்கோப்ல பார்த்தார், உயிரோட மிதக்கிற செல்கள்! அதை வளர்த்துத்தான் எப்ஸ்டீன், அச்சோங், பார் மூணு பேரும் 1964-ல் வைரஸைக் காட்டினாங்க. மனுஷப் புற்றுநோயோட முடிச்சுப் போட்ட முதல் வைரஸ்.

இன்னொரு பக்கம் ஜெர்மனி. ரத்தப் புற்றுநோய் ஆய்வில் பெரிய தலை ஒருத்தர், கட்டுரைகள் மலை மாதிரி. 1997-ல் குட்டு உடைஞ்சுது. விசாரணைக் குழு 347 கட்டுரைகளை அலசி, 94-ல தகிடுதத்தம் நடந்திருக்கறதா 2000-ல் அறிக்கை கொடுத்துச்சு. நம்ம அண்ணன் ஷீட்ல அவர்தான் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கியிருப்பார்.

உடனே "அப்ப பேப்பரே வேண்டாமா?"ன்னு பின்னூட்டத்துல கும்மாதீங்க. சித்தப்பாவுக்கு ஏறுற மருந்தே ஒரு பேப்பர் தந்ததுதான். பழைய நாலு மருந்துக் கூட்டோட ரிட்டுக்ஸிமாப் சேர்த்தா என்னாகும்னு 60-லிருந்து 80 வயசுக்காரங்க 399 பேர்கிட்ட பார்த்தாங்க. 2002-ல் வெளியான கட்டுரை. கட்டி முழுசா கரைஞ்சவங்க 63 சதவீதத்திலிருந்து 76 ஆனாங்க. அது ஒரு கட்டுரை சாமி, ஒண்ணு! அதுல என்ன இருக்குன்னு படிக்கணும், எடை போடக் கூடாது.

11 பேப்பர் டாக்டர் முதல் நாளே சீட்டுக்குப் பின்னாடி எழுதிக் கொடுத்தது: "ஜுரம் 100.4 தாண்டினா, ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் கிளம்பி வாங்க. விடியட்டும்னு இருக்காதீங்க." முதல் கீமோ முடிஞ்ச பத்தாம் நாள் 101.8. ஆட்டோவில் போய் இறங்கினப்ப மணி ஒண்ணே முக்கால். முக்கால் மணி நேரத்துல ஆன்டிபயாடிக் ஏறிடுச்சு, அவரும் வந்துட்டார். இதுக்கு அண்ணன் ஷீட்ல காலமே இல்லை.

டாக்டரை மாத்தலை. வியாழக்கிழமை மூணாவது சைக்கிள், நான்தான் துணைக்குப் போறேன். ஷீட்டை அண்ணன் இன்னும் அழிக்கலை. அந்த மீன் கட்டுரை லிங்க்கை மட்டும் அனுப்பி வெச்சேன் :-)