பாதுகாப்பான இடம் எனும் மாயை: கொட்டாஞ்சேனை புகட்டும் பாடம்

கொழும்பில் வீடு வாங்க எண்ணும் தமிழ்க் குடும்பத்தில் முதலில் எழும் வினா விலையைப் பற்றியதன்று. காற்றோட்டத்தையோ குடிநீரையோ பற்றியதுமன்று. ‘அந்தப் பக்கம் எங்கடை ஆக்கள் இருக்கினமோ?’ என்பதே அவ்வினா. இருக்கிறார்கள் என்று தரகர் தலையசைத்தால் பேச்சு மேலே தொடரும். இல்லையெனின், எவ்வளவு நல்ல வீடாயினும், முற்றத்தில் மாமரமே நின்றாலும், அவ்வீட்டின் கதை அத்துடன் முடிந்துவிடும். இவ்வொரு வினாவின் பலத்திலேயே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை தொடர்மாடிகள் எழுந்துள்ளன. யாழ்ப்பாணத்துக் காணியை விற்ற பணமும், கனடாவிலும் இலண்டனிலும் இரவுப்பணி புரியும் பிள்ளைகள் அனுப்பும் பணமும் அங்கேயே சென்று சேர்கின்றன. அங்கு இடங்கிடையாதோர் வடக்கே களனி ஆற்றைக் கடந்து வத்தளைக்கும் ஹெந்தளைக்கும், தெற்கே தெஹிவளைக்கும் செல்கையிலும் அதே வினாவையே காவிச் செல்கின்றனர்.

இவ்வச்சம் ஆதாரமற்றது என்று கூறுவார் இந்நாட்டின் வரலாற்றை அறியாதார். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளைக் கண்டவர்கள் இன்னும் வாழ்கின்றனர். எனவே அச்சம் நியாயமானதே. ஆனால் நியாயமான அச்சத்துக்குக் காணப்படும் பரிகாரமும் நியாயமானதாயிருக்க வேண்டுமென்பதில்லை. பாதுகாப்பு என்பது கிணறு, மதில், மின்னிணைப்பு ஆகியவற்றைப் போன்று ஓர் இடத்துக்கு உரிய குணம் என்றும், கூடிய விலை கொடுத்தால் அதனையும் வீட்டோடு சேர்த்து உறுதியில் எழுதிக்கொள்ளலாம் என்றும் எண்ணுவது பெரும் மயக்கம். அம்மயக்கத்தைத் தெளிவிக்கக் கொட்டாஞ்சேனையைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இன்று நெரிசலுக்குப் பேர்போன கொட்டாஞ்சேனை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் அப்பால் அமைந்த வசதிபடைத்தோரின் புறநகராகும். விசாலமான வளவுகளும் கடற்காற்றும் நாடி முதலியார்மாரும் வணிகப் பெருமக்களும் அங்கு மனை கட்டினர். பின்னர், 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1885இல் நிறைவுற்ற தென்மேற்கு அலைதடுப்பு, கொழும்பைப் பெருந்துறைமுகமாக்கிற்று. நிலக்கரித் தூளும் பண்டகசாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் வடகொழும்பை நிறைத்தன. செல்வந்தர் கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகள் துண்டாடப்பட்டுத் தோட்டங்களாயின. நிரந்தர மதிப்புள்ள இடமென்று ஒரு தலைமுறை வாங்கியதை அடுத்த தலைமுறை கைவிட்டோடியது. ஓர் இடத்தின் தன்மையைத் தீர்மானிப்பது அதன் மண்ணன்று. அதனைச் சூழ்ந்த பொருளாதாரமும் அரசியலுமே என்பதற்கு இது முதற் சான்று.

அமைதியிலேனும் அப்புறநகர் நிலைத்திருந்ததா? 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராம விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டு, கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் இடையே கலவரம் மூண்டது. இலங்கை வரலாற்றில் கொட்டாஞ்சேனைக் கலவரம் என்றே அது பெயர் பெற்றது. கவனிக்கத்தக்கது யாதெனில், அங்கு கத்தோலிக்கர் சிலரன்று, பெருந்தொகையினர். பௌத்தருக்கும் புகழ்பெற்ற விகாரையும் மீகெட்டுவத்தை குணானந்த தேரர் போன்ற வாதத்திறன் மிக்க தலைவரும் இருந்தனர். இரு சாராருக்கும் ‘தம்மவர்’ சூழ இருந்தனர். அதுவே கைகலப்பைத் தடுக்கவில்லை. மாறாக, கைகலப்புக்கு ஆட்சேர்த்துக் கொடுத்தது.

தமிழரின் அனுபவம் இதனினுங் கொடியது. 1983 யூலை 23இல் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதை அடுத்து, மறுநாளிரவு பொரளைக் கனத்தையில் தொடங்கிய தீ, நகரெங்கும் பரவியது. தமிழர் செறிந்து வாழ்ந்த வெள்ளவத்தை அத்தீக்குத் தப்பவில்லை. காலி வீதிக் கடைகளும் ஒழுங்கைகளின் உள்ளே அமைந்த வீடுகளும் எரிந்தன. தாக்கியோர் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. இடாப்பு உள்ளவனுக்குச் சிங்களவரிடையே சிதறி வாழும் தமிழனைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஒரே ஒழுங்கையிற் கூடி வாழும் ஐம்பது குடும்பங்களைக் கண்டுபிடிப்பது அதனினும் எளிது. 25ஆந் திகதி பிற்பகலிலேயே ஊரடங்கு அமுலுக்கு வந்தது. அதற்குள் எரியவேண்டியவற்றுட் பெரும்பகுதி எரிந்துவிட்டது. செறிந்து வாழ்ந்தோரும் அழிந்தனர், சிதறி வாழ்ந்தோரும் அழிந்தனர் எனின், அழிவின் காரணம் முகவரியில் இல்லை. சட்டத்தைக் காக்க வேண்டியவர்கள் கைகட்டி நின்றதிலேயே உள்ளது.

அதன் பின்னர் நிகழ்ந்தவையும் இதனையே கூறுகின்றன. 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வதிகாலையில் பொலிசார் வேறெங்கும் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. ‘எங்கடை ஆக்கள்’ இருக்குமிடம் எதுவென்பது வீடு வாங்குவோருக்கு மட்டுமன்றி அவர்களுக்கும் நன்கு தெரிந்திருந்தது. 2008ஆம் ஆண்டின் முதல் நாளன்று, பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தில், வழிபட வந்த பாராளுமன்ற உறுப்பினர் தியாகராசா மகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் நிகழ்ந்த தாக்குதல்களில் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தோனியாரிடம் தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் அல்லாதாரும் ஒருங்கே செல்வர். அவ்விடத்தில் எவருக்கு எவர் ‘நம்மவர்’ என்று பிரித்துச் சாவு வரவில்லை.

அவ்வாறாயின் எவரையும் எதுவும் காக்கவில்லையா? காத்தவை உண்டு. 1983இல் உயிர்தப்பிய எண்ணற்ற குடும்பங்கள், சிங்கள, முஸ்லிம் அயலவர் தம் வீட்டறைகளில் மறைத்து வைத்தமையாலேயே தப்பின. 2007இல் வெளியேற்றம் ஒரே நாளில் தடைப்பட்டமைக்குக் காரணம், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவும், யூன் 8இல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்காலத் தடையுத்தரவுமே. அயலும் சட்டமும் ஆகிய இவ்விரண்டும் தரகரின் பட்டியலில் இல்லை. இவற்றை விலைக்கு வாங்கவியலாது. காலங் கொடுத்து வளர்க்க மட்டுமே இயலும். வேடிக்கை யாதெனில், பாதுகாப்பை நாடித் தம்மவருள் ஒதுங்குவோர் இவ்விரண்டையுமே முதலில் இழக்கின்றனர். ஏழாம் மாடியில் வாழ்பவனுக்கு ஆறாம் மாடியிலுள்ள தமிழனின் பெயரே தெரியாது. தெருமுனைச் சிங்களக் கடைக்காரனை எங்ஙனம் அறிவான்? தொடர்மாடியில் வளரும் பிள்ளை, தலைநகரிலே பிறந்தும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு விளையாடுதற்குரிய சிங்கள மொழியை அறியாது வளர்கின்றது. இடுக்கண் நேருங்கால் எவர் கதவை அது தட்டும்?

கோயில் அருகில் வேண்டும், தமிழ்மொழிப் பாடசாலை வேண்டும், முருங்கைக்காயும் ஒடியல்மாவும் வாங்கக் கடை வேண்டும். இதற்காகத் தம்மவரிடையே வாழ விரும்புவது குற்றமா என்று சிலர் வினவுவர். குற்றமேயன்று. மொழியும் வழிபாடும் உணவும் மனித வாழ்வின் இன்றியமையாத தேவைகள். அத்தேவைக்காகக் கொட்டாஞ்சேனையில் வீடு வாங்குபவர் அறிவோடு வாங்குகிறார். ஆனால் அதனைப் பாதுகாப்பு என்னும் பெயரிட்டு அழைக்க வேண்டாம். அப்பெயரே விலையை ஏற்றுகின்றது; அப்பெயரே தரகரையும் கட்டட முதலாளியையும் கொழிக்கச் செய்கின்றது. அச்சத்தை வணிகப் பண்டமாக்கி விற்பவன் தமிழனாயினும் அவன் சமூகத்தின் நண்பனல்லன்.

இங்கு வர்க்க நோக்கில் எழும் வினாவொன்றும் உண்டு. பாதுகாப்பு விலைப்பொருளாயின் விலை கொடுக்கவியலாதவன் கதி யாது? அதே கொட்டாஞ்சேனையின் தோட்டங்களில், பொதுக் குழாயடியில் வரிசையில் நின்று வாழும் துறைமுகத் தொழிலாளியும் மலையகத்திலிருந்து கடைச் சிப்பந்தியாக வந்த இளைஞனும் தமிழரே. அவர்களுக்குத் தொடர்மாடி இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளும் இல்லை. 2007இல் பஸ்ஸில் ஏற்றப்பட்டோர் சொந்த வீடுள்ளோரல்லர். லொட்ஜில் நாள்வாடகை கொடுத்துத் தங்கியோரே. மத்தியதர வர்க்கம் தன் கதவைத் தாழிட்டுக்கொள்வதைச் சமூகத்தின் பாதுகாப்பு என்று பெயரிடுவது, தன் சமூகத்தின் பாதியைக் கணக்கிலிருந்தே நீக்குவதாகும்.

ஆகவே வீடு வாங்குவோர் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு. உறுதி செம்மையானதா? சட்டத்தரணி காணிப் பதிவகத்தின் ஏடுகளை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பார்த்தாரா? மாநகரசபையின் வீதி எல்லைச் சான்றிதழும் அரசுடைமையாக்கப்படாமைச் சான்றிதழும் உண்டா? களனி பெருகினால் முற்றத்தில் நீர் ஏறுமா? இவை ஓர் இடத்துக்குரிய குணங்கள். இவற்றைக் கேட்டறியலாம், சோதிக்கலாம். அதற்கு மேலும் ஒரு வினாவுண்டு: அத்தெருவில் மரணம் நேர்ந்தால் எல்லாரும் செல்கிறார்களா? எங்கே பல மொழியினரும் ஒரு சாவீட்டில் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்களோ, அத்தெருவிற் குடிபுகத் தயங்கவேண்டியதில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, அது குடும்பத் தலைவர் தரகரிடம் பேசித் தீர்க்கும் அலுவலன்று. குடிமக்கள் அரசிடம் கேட்டுப்பெறவேண்டிய உரிமை. வன்செயல் புரிந்தோர் தண்டிக்கப்படும் நாட்டில் எத்தெருவும் பாதுகாப்பானதே. தண்டிக்கப்படாத நாட்டில் எத்தெருவும் பாதுகாப்பானதன்று. 1983இன் கொலைகளுக்காக 2004இல் ஒரு ஜனாதிபதி பகிரங்க மன்னிப்புக் கோரினார். மன்னிப்புக் கோரப்பட்டது, நீதி வழங்கப்படவில்லை. அந்நீதிக்காகக் குரலெழுப்பாது, பேர்ச் ஒன்றுக்குச் சில இலட்சங்கள் கூடுதலாகக் கொடுத்து நிம்மதி தேடுவோர், எரியும் ஊரில் குளிர்ந்த அறை தேடுவோரேயாவர்.

நூற்று நாற்பது ஆண்டுகளாகக் கொட்டாஞ்சேனை ஒரு பாடத்தையே மீண்டும் மீண்டும் நடத்தி வந்துள்ளது. வீட்டை விலைக்கு வாங்கலாம். அயலை ஆக்கிக்கொள்ள வேண்டும். நீதியைப் போராடியே பெறவேண்டும். முதலாவதில் மட்டுங் கருத்தூன்றி ஏனையிரண்டையும் மறந்த சமூகம், எத்தனை மாடி உயர்த்தினும் வீடற்ற சமூகமே.