எல்லோருக்குள்ளும் புத்தர், கல்லறையில் மட்டும் மிருகம்

போன வருஷம் ஒரு தியான முகாமுக்குப் போயிருந்தேன். எங்கள் காலனிப் பையன்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். நகரத்திலிருந்து வந்த ஆசிரியர் கண்ணை மூடச் சொன்னார். "உனக்குள்ள புத்தர் இருக்கார். எப்பவும் இருந்தார். அதை நீ கண்டுக்கிட்டா போதும்" என்றார். ஒரு பையன் கண்ணைத் திறந்து கேட்டான்: "ஐயா, எங்க தெருவுல செத்தா சுடுகாட்டுக்குப் பாதை இல்லீங்க. பாடையத் தூக்கிட்டு வயல்லதான் எறங்கணும். வயல்காரரு அடிக்க வர்றாரு. அவருக்குள்ளயும் புத்தர் இருக்காரா?"

"இருக்கார். அதெல்லாம் வெளி விஷயம் தம்பி, நீ உள்ள பாரு" என்றார் ஆசிரியர். பையன் அதற்கப்புறம் கண்ணை மூடவில்லை. நானும்தான்.

'புத்தத்தன்மை' என்பது மகாயானத்துச் சொத்து. ததாகதகர்ப்பம் என்றும் சொல்வார்கள். எல்லா உயிரிலும் புத்தராகும் தன்மை உண்டு, அழுக்கு மூடியிருக்கிறது, விலக்கினால் ஒளிரும். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. இந்த இனிப்பை நூற்றாண்டுகளாகத் தின்ற ஒரு நாட்டில் நடந்ததைப் பார்ப்போம்.

ஜப்பானில் புராக்கு மக்கள் இருக்கிறார்கள். மாடு அறுப்பதும் தோல் பதனிடுவதும் பிணம் அகற்றுவதும் அவர்களது முன்னோர் தலையில் கட்டப்பட்ட வேலைகள். (வேறு எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா?) 1871இல் அரசாணை போட்டு அந்த இழிநிலையை ஒழித்தார்கள். ஒழிந்திருந்தால் 1922இல் அந்த மக்கள் சுய்ஹெய்ஷா என்று சமத்துவச் சங்கம் கட்டியிருக்க வேண்டியதில்லை. அங்கே ஒருவர் செத்தால் பௌத்த குரு அவருக்குப் புதிதாக ஒரு தம்மப் பெயர் சூட்டுவார். கல்லறையிலும் கோயில் பதிவேட்டிலும் அந்தப் பெயர்தான் ஏறும். புராக்கு மக்களுக்கு வைத்த பெயர்களில் மிருகம், தோல், இழிந்தவன், அடிமை என்று பொருள்படும் எழுத்துகளைச் செருகினார்கள். சில பெயர்களில் 'செந்தரா' என்றே இருக்கிறது.

செந்தரா என்றால் சண்டாளன், தோழர்களே. நம் முகத்தில் துப்பிய அதே சொல் பௌத்த நூல்களோடு சீனம் போய், கடல் தாண்டி, ஜப்பானியக் கல்லறையில் போய் உட்கார்ந்திருக்கிறது. நாய்க்குப் புத்தத்தன்மை உண்டா இல்லையா என்று உட்கார்ந்து விவாதித்த ஜென் மடங்கள்தான் செத்த மனிதனுக்கு மிருகம் என்று பெயர் வைத்தன.

1979இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உலக சமய மாநாடு நடந்தது. சோட்டோ ஜென் பிரிவின் நிர்வாகத் தலைவர் மச்சிதா முனெயோ எழுந்து, ஜப்பானில் அப்படிப்பட்ட பாகுபாடே இல்லை என்றார். புராக்கு விடுதலை இயக்கத்தார் அவரை விடவில்லை. கூட்டம் கூட்டிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். 1984 நைரோபி மாநாட்டில் அவரே மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பிரிவின் கோமசாவா பல்கலைக்கழகத்திலிருந்தே ஹகமாயா நொரியாக்கி, மட்சுமோத்தோ ஷிரோ என்று இரண்டு அறிஞர்கள் எண்பதுகளில் ஒரு குண்டைப் போட்டார்கள். புத்தத்தன்மைக் கொள்கை பௌத்தமே அல்ல என்றார்கள். அடியில் எல்லாம் ஒன்று என்று வைத்துவிட்டால் மேலே இருக்கிற ஏற்றத்தாழ்வு வெறும் தோற்றமாகிவிடும். எதையும் மாற்ற வேண்டியதில்லை, இருப்பது இருந்தபடியே புனிதம். இது நமக்குப் பழகிய தந்திரம்தான். எல்லாம் பிரம்மம் என்ற சங்கரர், அதே பிரம்மசூத்திர உரையில் சூத்திரனுக்கு வேதம் கேட்கும் உரிமை இல்லை என்று எழுதவில்லையா? உள்ளே ஒன்று, வெளியே நாலு. நாலுக்கும் வெளியே நாம்.

ஆனாலும் அந்த இரண்டு பேரோடும் முழுசாக ஒத்துப்போக என்னால் முடியவில்லை. ஐந்தாம் நூற்றாண்டுச் சீனத்தில், நன்மையின் வேரே அறுந்துபோன 'இச்சந்திகன்' புத்தனாகவே முடியாது என்று கையிலிருந்த நூல் சொன்னது. தாவோஷெங் என்ற பிக்கு, அவனாலும் முடியும் என்று வாதாடினார். சங்கத்தை விட்டு அவரைத் துரத்தினார்கள். நிர்வாண சூத்திரத்தின் முழு மொழிபெயர்ப்பு பிறகு வந்து சேர்ந்தது. அதில் அவர் சொன்னதுதான் இருந்தது. "உனக்கு முடியாது" என்று கதவைச் சாத்துகிறவனிடம் "முடியும்டா" என்று சொல்வது கலகம். மிதிபட்டவனைப் பார்த்து "உனக்குள்ளேயே இருக்கே, அப்புறம் என்ன" என்பது வேறு. வார்த்தை ஒன்றுதான், பேசுகிற இடம் வேறு.

தேரகாதையில் சுனீதர் வருகிறார். வாடிய பூ கூட்டி அள்ளிய தாழ்ந்த குலத்தவர். எதிரே புத்தர் வந்தபோது தோளில் இருந்த காவடியை இறக்கி வைத்துவிட்டு, சங்கத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். உள்ளே பார் என்று புத்தர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை, வா பிக்குவே என்றார். சுனீதர் விழிப்படைந்தது அதற்குப் பிறகு. முதலில் கதவு திறந்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் லட்சக்கணக்கான மக்களோடு செய்ததும் அதுதான். 22 உறுதிமொழிகளைச் சொல்ல வைத்தார், வாய்விட்டு, பத்துப் பேர் காது கேட்க. யாரையும் கண்ணை மூடச் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை.

முகாம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது அந்தப் பையன் கேட்டான், "அண்ணே, பாதைக்கு மனு எழுதணும்னா யார் பேருக்கு எழுதணும்?" தாசில்தாருக்கு என்றேன். முகாமில் கொடுத்த நோட்டில் முதல் பக்கத்தைக் கிழித்தான். அதில் தாமரைப் படம் போட்டிருந்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதில் எழுதினோம்.