போஸ்டர் ஒட்டின கைக்கு வார்டு இல்லை

2022 ஜனவரி 9, 16, 23 என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஊர் பூட்டிக் கிடந்தது. நான்காவது ஞாயிறு ஊரடங்கு இல்லை என்றானதும் கோவில்பட்டியில் முதலில் களைகட்டியது கறிக்கடை இல்லை, கட்சிக் கிளைகள்தான். இரவு ஊரடங்கை விலக்கிய அதே ஜனவரி 28ஆம் தேதிதான் வேட்புமனுத் தாக்கலும் தொடங்கியது. பிப்ரவரி 4 மனுவுக்குக் கடைசி நாள், 7 வாபஸ், 19 வாக்குப்பதிவு. வைரஸுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் நடுவில் ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது என்று ஒரு தம்பி சொன்னான். சிரித்துவிட்டு நாங்களும் வேலையைப் பார்க்கக் கிளம்பினோம்.

நாங்கள் என்றால் ஆறு பேர். நகராட்சியின் ஓரத்து வார்டுகளில் மாலை வகுப்பு நடத்துகிறோம், மனு எழுதித் தருகிறோம், இரண்டு ஊரடங்கிலும் அரிசியும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தோம். எங்களில் ஒரு தங்கை பி.காம். முடித்தவர். அவருடைய அம்மா நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவர் வசிக்கும் வார்டு இந்த முறை பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவருடைய அப்பா முப்பது வருடமாக ஒரு கட்சியில் இருக்கிறார். கொடி கட்டியவர், பசை காய்ச்சியவர், விடிய விடிய போஸ்டர் ஒட்டியவர். அந்தத் தைரியத்தில் தங்கை விருப்ப மனு கொடுத்தார். அந்த நான்காவது ஞாயிறு கிளைக்கூட்டத்துக்கு அவரோடு நாங்களும் போனோம்.

எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றக் கட்சிக்காரர்கள் எடுத்துப் பகிர்ந்து சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்க இதில் ஒன்றுமில்லை. அடுத்தடுத்த தெருவில் அதே நாளில் அதே கூட்டம்தான் நடந்தது, துண்டின் நிறம்தான் வேறு.

கல்யாண மண்டபத்து மாடி அது. முன்வரிசையில் கைவைத்த நாற்காலிகள், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் நிற்கிறவர்கள். தங்கையின் அப்பா சுவரோரம் நின்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. "உட்காருங்கப்பா" என்றோம். "இருக்கட்டும்யா, வேலை இருக்கும்" என்றார். கொஞ்ச நேரத்தில் டீ வாங்க அவரைத்தான் அனுப்பினார்கள்.

நேர்காணல் ஐந்து நிமிடம்கூட இல்லை. முதல் கேள்வி: "எவ்வளவு செலவு பண்ணுவ தாயி?" இரண்டாவது: "ஒங்க ஆளுக ஓட்டு எத்தன?" மூன்றாவது: "கல்யாணம் ஆயிருச்சா? வீட்டுக்காரரு என்ன பண்ணுதாரு?" ஆகவில்லை என்றதும் கேட்டவர் பேனாவை மூடிவிட்டார். வாருகால் அடைப்பு, இரண்டு வருடமாக எரியாத தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று தங்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தார். அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் கனிவாகத்தான் சொன்னார்: "மேல இருந்து யார சொல்லுதாகளோ அவுகளுக்கு வேல பாப்போம்."

மேலே இருந்து சொல்லப்பட்டவர் ஒரு ஒப்பந்தக்காரரின் கார் ஓட்டுநருடைய மனைவி. நம் சமூகத்துப் பெண்தான். அவர்மேல் நமக்கு எந்த வருத்தமும் இல்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர், தான் வேட்பாளர் என்பதே முந்தின நாள் ராத்திரிதான் அவருக்குத் தெரியும் என்று பிறகு அவரே எங்களிடம் சொன்னார். ஜெயித்தால் கையெழுத்து அவருடையது, காசோலையின் போக்கு ஒப்பந்தக்காரருடையது. இதற்குத்தானா இடஒதுக்கீடு?

தோழர்களே, இந்த இடஒதுக்கீடு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி 1996இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து, உடன் வந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 13 பேரைத் தமிழக அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது 2019 நவம்பரில். அதற்கு அடுத்த மாதம்தான் ஊராட்சித் தேர்தல். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்து வருடம் தேர்தலே நடக்க விடவில்லை. நடந்தாலும் ஜெயித்தவரைப் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே தலித் தலைவர்கள் நிலைத்து உட்கார முடிந்தது. 2021 அக்டோபர் 2ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராமசபையில் கலந்துகொண்டார். நல்லது. ஆனால் 2020இல் என்ன நடந்தது? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார வைக்கப்பட்டார், மற்றவர்கள் நாற்காலியில். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தம் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற முடியவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகு ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இது கிராமத்துக் கதை, நகரத்தில் இப்படி இல்லை என்று நினைக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். நகரத்தில் தரையில் உட்கார வைக்க மாட்டார்கள், உண்மைதான். நாற்காலி போடுவார்கள். ஆனால் அதில் யார் உட்காருவது என்பதை நம் தெருவில் கால் வைக்காத ஒருவர் முடிவு செய்வார். மேலவளவில் சிந்திய ரத்தத்தோடு இதைச் சமமாக வைக்கவில்லை. அந்த ரத்தத்தின் விலையில் கிடைத்த இடத்தை இவர்கள் என்ன செய்கிறார்கள் என்றுதான் கேட்கிறோம்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?

நகராட்சிக்கு இதற்கு முன் தேர்தல் நடந்தது 2011இல். அந்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. அதே மாதம் நடக்க இருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் குறை இருப்பதாகத் தி.மு.க. தொடர்ந்த வழக்கில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதத்தில் நடத்தியிருக்கலாம். ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு சொல்கிறது. ஆண்ட அ.தி.மு.க. வார்டு வரையறை, வழக்கு, வாய்தா என்று இழுத்தது. கிராமங்களுக்காவது 2019 டிசம்பர் தேர்தலில் ஊராட்சித் தலைவர்கள் வந்தார்கள். நகரத்துக்குத் தனி அலுவலர்தான். ஆக, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது 36 வார்டு உள்ள கோவில்பட்டியில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது.

அது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ் மூடிவிட்டது. பெட்டிக் கணக்குக்குக் கூலி வாங்குகிற பெண்களுக்கு அன்றே அடுப்பு அணைந்தது. தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது என்று டிவியில் சொன்னார்கள். குழுக்கடன் வசூல்காரர் மட்டும் வாசலில் வந்து நின்றார். அப்போது கூப்பிட்டுக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. பொதுக் குழாய் மூன்று நாள் வராவிட்டால் யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. மறுபுறம் குப்பை அள்ளுகிறவர்களுக்கு விடுப்பே கிடையாது. துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள், முன்களப் பணியாளர் என்றார்கள், சில ஊர்களில் காலில் பூப்போட்டுப் படம் எடுத்தார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே இருந்தது. தங்கையின் அம்மா அந்த நாட்களில் ஒரே முகக்கவசத்தைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனார். இன்று "வார்டு மக்களின் நலன் கருதி" போட்டியிட வருகிற அண்ணாச்சிகள் அன்று வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

2020 அக்டோபரில் கயத்தாறு பக்கம் ஓலைக்குளத்தில், ஆடு மேய்ந்த தகராறில் நம் சமூகத்துப் பெரியவர் ஒருவரைக் காலில் விழ வைத்து வீடியோ எடுத்துப் பரப்பினார்களே, அப்போது உங்கள் கிளை என்ன தீர்மானம் போட்டது என்று வாக்கு கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். பதிலைவிட அது முக்கியம்.

தலைவர் தேர்தலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தக்காரருக்கு ஓட்டுநர் மனைவி ஏன் தேவை என்பதன் விடை அங்கேதான் இருக்கிறது. 1996லும் 2001லும் நகராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் தி.மு.க. ஆட்சி அதைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலாக்கியது. 2011இல் மறுபடி நேரடி. 2019 நவம்பரில் அ.தி.மு.க. அவசரச் சட்டம் போட்டு மீண்டும் மறைமுகமாக்கியது. அப்போது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று எதிர்த்த தி.மு.க. 2022 தேர்தலை அதே முறையில்தான் நடத்துகிறது. மார்ச் 4 அன்று மண்டபக் கதவைச் சாத்திக்கொண்டு 36 பேர் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 36இல் 19 கை வேண்டும். கேள்வி கேட்காமல் தூக்கும் கை வேண்டும். தனி வார்டில் இருந்து வருகிற கை மலிவாகக் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. சென்னை மேயர் பதவியைப் பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கி 2022 ஜனவரியில் அரசாணை வந்தது. மகிழ்ச்சி. அவரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். யார் என்று கட்சித் தலைமை சொல்லும்.

1932 பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதியை இழந்து தனித் தொகுதியை மட்டும் பெற்றோம். நம் பிரதிநிதியை யார் தேர்ந்தெடுப்பது என்ற அண்ணலின் கேள்வி நாடாளுமன்றத்தோடு நிற்கவில்லை. அது கோவில்பட்டிக் கல்யாண மண்டபத்து மாடி வரைக்கும் ஏறி வந்திருக்கிறது.

நம் பக்கத்துத் தப்பையும் பேசிவிடுவோம். அருந்ததியர் பெண் நின்றால் பள்ளர் தெரு யோசிக்கிறது, பறையர் தெரு தனியாகக் கூட்டம் போடுகிறது. இந்தப் பிளவைக் கிளைச் செயலாளர்கள் நம்மைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். "ஒங்க ஆளுக ஓட்டு எத்தன" என்பதில் 'ஒங்க' என்ற வார்த்தை எந்தத் தெருவோடு முடிகிறது என்று அவர்களுக்குத் தெரியும். இன்னொரு பக்கம் நம் படித்த தம்பிகள். தேர்தல் அரசியலே ஏமாற்று, நோட்டாவில் குத்துவோம் என்கிறார்கள். முதலில் ஒரு தகவல்: தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா கிடையாது. இரண்டாவது, வாருகாலுக்கு டெண்டர் விடுவது, தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விடுவது, சுடுகாட்டுக்குப் பாதை போடுவது எல்லாம் அந்த மன்றத்தில்தான் தீர்மானமாகிறது. நாம் போகாவிட்டால் அந்த நாற்காலி காலியாக இருக்கப்போவதில்லை.

பொது வார்டைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பதுதான் எங்களுக்குப் பெரிய கோபம். பொது என்றால் எல்லோருக்கும் என்றுதானே பொருள்? பொது வார்டில் தலித் ஒருவரை நிறுத்த எந்தக் கிளை தயார்? அந்தக் கூட்டத்தில் இதையும் எழுந்து கேட்டோம். சட்டென்று அமைதி. பிறகு ஒருவர், "அதான் ஒங்களுக்குன்னு தனியா குடுத்திருக்கோம்ல" என்றார். கொடுத்திருக்கிறார்களாம்! அரசியல் சட்டம் கொடுத்ததைத் தன் வீட்டுப் பரணில் இருந்து எடுத்துத் தந்த மாதிரி சொல்கிறார். சமூகநீதி என்ற வார்த்தையை அதே மேடையில் அன்று ஏழு தடவை சொன்னார்கள், எண்ணிக்கொண்டிருந்தோம்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் தங்கையின் அப்பாவிடம் ஒரு கட்டு போஸ்டரைக் கொடுத்தார்கள். ஒப்பந்தக்காரர் சொன்ன வேட்பாளருக்கு வாழ்த்துப் போஸ்டர். பட்டியல் வருவதற்கு முன்பே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அவர் அதை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் எங்களோடு நடந்தார். பயணியர் விடுதி முக்குக்கு வந்ததும் நின்று, "நீ சுயேச்சையா நில்லு தாயி" என்றார். போஸ்டர் கட்டைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். முப்பது வருடத்தில் அவர் திருப்பிக் கொடுத்த முதல் கட்டு அது.

2022 தேர்தலில் நகராட்சி உறுப்பினருக்கு வைப்புத்தொகை 2000 ரூபாய், பட்டியலினத்தவருக்கு 1000. அந்த ஆயிரத்தைத் தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் பத்தும் இருபதுமாகப் பிரித்துவிட்டோம். சாதிச் சான்று இருக்கிறது. வீட்டு வரி ரசீது இருக்கிறது. முன்மொழிய அதே வார்டில் வாக்குள்ள ஒருவர் வேண்டும். இரண்டு பேர் சரி என்று சொல்லிவிட்டு, ராத்திரி யாரோ வந்து பேசியதும் பின்வாங்கிவிட்டார்கள். மூன்றாவதாகக் கேட்டது அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் அக்காவின் மாமியாரை. "எம் மருமகளுக்கு எதிரா நானே கையெழுத்துப் போடுறதா?" என்று சிரித்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள், "போடுங்கத்தே, அது படிச்ச பிள்ள" என்றாளாம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலகம் போகிறோம். அன்றைக்குக் கடைசி நாள், கூட்டம் இருக்கும். வரக்கூடிய தோழர்கள் ஒன்பதரைக்கே வந்துவிடுங்கள். முகக்கவசம் மறக்காதீர்கள். 7ஆம் தேதி மாலை மூன்று மணி வரை தங்கையின் வீட்டில் எப்போதும் நான்கு பேராவது இருக்க வேண்டும். வாபஸ் வாங்கச் சொல்லி வருகிறவர்கள் ராத்திரியில்தான் வருவார்கள்.