இலண்டனில் ஒரு வெள்ளிக்கிழமை

இலவசமாகக் கிடைப்பது எதுவும் நம்மவர் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. காசு கொடுத்து நுழைந்த இடத்தையே கருத்தூன்றிப் பார்ப்போம் என்பது பலருடைய எண்ணம். இலண்டன் மாநகரிற் பொறியியல் பயிலும் என் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எழுதிய நீண்ட கடிதம் இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. விரிவுரை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையை நூதனசாலைகளிலும் உணவுச்சாலைகளிலும் அவர் கழித்த வரலாறு அது. பிறநாட்டுக் கல்விக்கு ஆயத்தமாகும் மாணவருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பயன்படுமெனக் கருதி அதனை இங்கே எடுத்துரைக்கின்றேன்.

காலையில் அவர் சென்றது புளூம்ஸ்பரியிலுள்ள பிரித்தானிய நூதனசாலைக்கு. 1753ஆம் ஆண்டிற் சட்டத்தின் மூலம் நிறுவப்பெற்று, 1759இற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இச்சாலையின் நிரந்தரக் காட்சிகளைக் காண நுழைவுக் கட்டணம் இல்லை. 1974இன் தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு கட்டணத்தை விதித்துப் பார்த்தது. ஏறக்குறைய மூன்று மாதத்தில் அது கைவிடப்பட்டது. இதனால் விளையும் நன்மை காசு மிஞ்சுவது மாத்திரமன்று. பணம் கொடுத்தவன், கொடுத்ததற்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டுமென்று மண்டபம் மண்டபமாக ஓடுவான். மாலையில் அவனிடம் எஞ்சுவது கால்நோவு ஒன்றே. கட்டணமின்றி நுழைந்தவனோ இரண்டு பொருளைப் பார்த்துவிட்டு வெளியேறலாம்; மறுவாரம் மீண்டும் வரலாம். மாணவனுக்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

அங்கே றொசெற்றாக் கல்லைச் சுற்றித் தேர்த்திருவிழாக் கூட்டம். கி.மு. 196இல் ஒரே கட்டளையை மூன்று எழுத்து வடிவங்களிற் பொறித்த எகிப்தியச் சாசனம் அது. 1799இற் கண்டெடுக்கப்பட்டது. அதிலுள்ள கிரேக்கப் பகுதியின் துணைகொண்டே பிரெஞ்சு அறிஞர் சம்பொலியன் 1822இற் பழைய எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்க வழி கண்டார். நம் மாணாக்கர் பிறர் தோள்களுக்கிடையே எட்டிப் பார்த்துவிட்டு அப்பால் நகர்ந்தார்.

33ஆம் இலக்க மண்டபத்திற் கூட்டம் இல்லை. அங்கேதான் நின்றுவிட்டார். பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் மகாயான பௌத்தரின் தாராதேவி. எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவள். உயரம் 143 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சிறுமியின் உயரம். சடாமகுடத்தில் மணிகள் பதித்திருந்த குழிகள் இப்பொழுது வெறுமையாக இருக்கின்றன. வலக்கை வரமளிக்கும் பாவனையிலே தாழ்ந்திருக்கின்றது. இப்படிமம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கிடைத்ததென்பது பதிவு. 1815இற் கண்டி இராச்சியம் வீழ்ந்தபோது தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் பிறவுண்றிக் 1830இல் இதனை நூதனசாலைக்கு வழங்கினார். எழுதிய மாணாக்கர் திருகோணமலைப் பிள்ளை. “ஊரவர் ஒருவரை அந்நியர் வீட்டிற் கண்டாற்போல இருந்தது, சேர்” என்று மட்டுமே எழுதி, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு அவ்வாறு போக மனம் வரவில்லை. வாயிலிற் கட்டணம் இல்லை என்பது மெய்தான். ஆயினும் அந்த வாயிலை அடைய விமானச் சீட்டும் விசாவும் வேண்டும். அவளைக் கண்டெடுத்த மண்ணிலே வாழும் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அது கூடும்? அவளை அவர்கள் செவ்வையாகப் பேணி வைத்திருக்கின்றனர், அதனையும் மறுப்பதற்கில்லை. பேணியவனே உரியவனாவானா என்பதை நமது கல்லூரித் தர்க்க மன்றங்கள் எடுத்து வாதிடலாம்.

பசி வந்ததும் அங்கிருந்து நடந்து பிட்ஸ்றோய் சதுக்கத்து இந்திய வை. எம். சி. ஏ. விடுதிக்குப் போனார். இவ்வமைப்பை 1920இல் இலண்டனில் நிறுவியவர் சேலத்திற் பிறந்த கே. டி. பால் என்ற தமிழர். தலைமுறை தலைமுறையாகக் கீழைநாட்டு மாணவர் பசியாறிய இடம். சோறு, பருப்பு, ஒரு மரக்கறி. வெள்ளிக்கிழமைக்கு வேறென்ன தேவை?

வெள்ளிக்கிழமை என்றதும் ஒரு வேடிக்கை. நம் வீடுகளில் மீன்சட்டி அடுப்பேறாத நாள், ஆங்கிலேயருக்கு மீன் நாள்! கிறிஸ்துவின் பாடுகளை நினைந்து அன்று இறைச்சியை விலக்கிய பழைய வழக்கமே மீனைத் தட்டிற் கொண்டுவந்து வைத்தது. மீனை மாவிலே தோய்த்துப் பொரிக்கும் முறை ஸ்பெயின், போர்த்துக்கல் தேசங்களிலிருந்து வந்து குடியேறிய யூதரோடு வந்தது என்பர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறைச்சி, வெண்ணெய், சீனி எல்லாம் கூப்பனுக்கு உட்பட்டபோதும் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் உட்படவில்லை. மாலையில் நம் மாணாக்கர் கிழங்கை மாத்திரம் வாங்கி, உப்பும் வினாகிரியும் தூவி உண்டார். வாங்குமுன் எந்த எண்ணெயிற் பொரித்தது என்று கேட்டாராம். கெட்டிக்காரர். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பிற் பொரிப்பதுண்டு. கேட்டால் ஒளிக்காமற் சொல்லுவர். வெளிநாடு செல்லும் பிள்ளைகள் நாணாமற் கேட்டுப் பழகவேண்டும்.

பின்னர் சுரங்க ரயிலேறித் தென் கென்சிங்டன் சென்றார். அங்குள்ள விக்ரோறியா அல்பேட் நூதனசாலை வெள்ளிக்கிழமைகளில் இரவு பத்து மணிவரை திறந்திருக்கும். இவ்வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பகலெல்லாம் உழைக்கும் தொழிலாளர் கலைப்பொருள்களை எப்போது பார்ப்பது என்று சிந்தித்தவர் அதன் முதல் அதிபரான ஹென்றி கோல். 1850களிலேயே வாயு விளக்கேற்றி இரவிலும் திறந்து வைத்தார். பார்க்க வந்தவருக்குப் பசிக்குமென்று நூதனசாலைக்குள்ளேயே உணவுச்சாலையும் அமைத்தார். உலகில் இத்தகையவற்றுள் முதலாவது இதுவே என்பர். அதன் ஓர் அறையை அலங்கரித்தவர் புகழ்பெற்ற வில்லியம் மொறிஸ். ஆனால் அக்காலத்தில் முதலாம் வகுப்புக்கு ஓர் உணவுப்பட்டியல், இரண்டாம் வகுப்புக்கு வேறொன்று, தொழிலாளருக்கு மூன்றாம் வகுப்பு! கலையைக் காணச் சமமாக அழைத்தவர்கள் உண்ணும்போது பிரித்துவிட்டனர். பந்தியிற் பாகுபாடு பார்த்த நம்மவர் இதைக் கேட்டுச் சிரிப்பதற்கில்லை. இன்று அங்கே தட்டை ஏந்தியவர் யாவரும் ஒரே வரிசை.

மொறிஸ் அலங்கரித்த பச்சை அறையில் ஒரு கோப்பைத் தேநீருடன் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தாராம். யாரும் எழுப்பவில்லை. 1799இற் சீரங்கப்பட்டணத்திற் கைப்பற்றப்பட்ட திப்பு சுல்தானின் மரப்புலி, வெள்ளையன் ஒருவனைக் கவ்வியபடி அதே கட்டிடத்தில் இருக்கின்றது. அதைப் பார்க்க எழுந்தபோது கால்கள் ஒப்பவில்லை. புலியை அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைத்து அறைக்குத் திரும்பியதாக எழுதியிருக்கின்றார்.