ஒற்றைத் தலையிடிக்கு ஒரு மணித்தியாலம்



உம்மாவுக்கோ ராத்தாவுக்கோ ஒற்றைத் தலையிடி வந்தால், "ரெண்டு பனடோல் போட்டுட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். இந்த நோய் ஆண்களை விடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை போட்டால், மாத்திரையே தலையிடியைக் கூட்டிவிடும். அதனால் வராமல் தடுக்கும் வழியையும் நாம் தேட வேண்டும்.

சீன வைத்தியத்தில் இரண்டு வழிகள் ஆராயப்பட்டுள்ளன. ஒன்று அக்குபஞ்சர். 2016இல் கொக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஊசி குத்திக்கொண்டவர்களில் 100க்கு 41 பேருக்குத் தலையிடி பாதியாகக் குறைந்தது. குத்தாதவர்களில் 17 பேருக்குத்தான். போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆகவே இது அற்புதமல்ல, ஆனால் உதவக்கூடியது.

மற்றது தாய்ச்சி, மெதுவான உடற்பயிற்சி. ஹொங்கொங்கில் 12 வாரம் இதைச் செய்த பெண்களுக்குத் தலையிடி நாட்கள் குறைந்தன. ஊசியும் மருந்தும் இல்லை. ஆனால் வாரத்தில் 5 நாள், ஒரு மணித்தியாலம் வேண்டும்.

முதலில் டொக்டரிடம் காட்டுவோம். ஊசியென்றால் பதிவுள்ளவரிடம், புது ஊசியால் மட்டும். பயிற்சியென்றால், குசினி வேலையை நாம் பொறுப்பெடுத்து அந்த ஒரு மணித்தியாலத்தை அவர்களுக்குக் கொடுப்போம். அது இல்லாமல் எந்த வைத்தியத்தைச் சொல்லியும் பயனில்லை.