ஓடர் எழுதும் ஏடு எது?



வட்டிலப்பம், தொதல், அபாயா என்று வீட்டிலிருந்தே செய்து விற்போர் உங்களில் பலர் இருக்கிறீர்கள். ஆரம்பத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி போதும். ஓடர்கள் கூடும்போது இணையத்தளம் தேவைப்படுகிறது. அதைச் செய்து தரும் தம்பி, "எந்த டேட்டாபேஸ் போடுவது?" என்று கேட்பார். "உங்களுக்குத் தெரிந்ததைப் போடுங்கள், தம்பி" என்று சொல்லி எழுந்து விடாதீர்கள். அதுதான் உங்கள் வியாபாரத்தின் கணக்கேடு.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரா அல்பகராவின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிப்பதை நீங்கள் அறிவீர்கள். முற்பணம் வாங்கிப் பொருளைப் பின்னர் கொடுக்கும் ஓடரும் உங்கள் மீதுள்ள கடப்பாடே அல்லவா? அது தொலைந்தால் பணம் மட்டுமல்ல, நம்பிக்கையும் போய்விடும்.

தரவுத்தளம் என்பது ஒன்றோடொன்று தொடர்புபட்ட அட்டவணைகளின் தொகுப்பு. வாடிக்கையாளருக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று, ஓடருக்கு ஒன்று. ஐ.பீ.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கார் கொட் 1970இல் முன்வைத்த முறை இது. சிறு வியாபாரத்துக்கு இதுவே பொருத்தம்.

நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி: "ஓடர் பதிவாகும்போது பாதியில் மின்சாரம் நின்றால் என்னாகும்?" கையிருப்பில் ஒன்று குறைந்துவிட்டது, ஓடரோ எழுதப்படவில்லை என்ற நிலை வரக்கூடாது. இரண்டும் சேர்ந்தே பதிய வேண்டும், அல்லது இரண்டுமே பதியக்கூடாது. இதைத்தான் 'டிரான்ஸாக்ஷன்' என்கிறார்கள். பெருநாளைக்கு முந்திய இரவில் எஞ்சியிருக்கும் ஒரேயொரு வட்டிலப்பத்தை இருவர் ஒரே நேரத்தில் கேட்டாலும், ஒருவருக்கு மட்டுமே அது பதியும்படி செய்யவும் இதுவே உதவும்.

இதற்கு வசதியான, இலவசமாகக் கிடைக்கும் தரவுத்தளங்கள் மூன்றைச் சொல்கிறேன்.

2000ஆம் ஆண்டு வெளிவந்த எஸ்க்யூலைட், முழுக் கணக்கையும் ஒரே கோப்பில் வைக்கும். உங்கள் கைப்பேசிக்குள்ளும் அது இருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் வாசிக்கலாம். எழுதுவது ஒரு நேரத்தில் ஒருவர்தான். நாளொன்றுக்குச் சில பத்து ஓடர்கள் வரும் கடைக்கு அது தாராளமாகப் போதும்.

மைஎஸ்க்யூஎல்லும் அதிலிருந்து 2009இல் பிரிந்த மரியாடிபியும் வாடகைக்கு இடம் தரும் பெரும்பாலான தளங்களில் கிடைக்கும். வேர்ட்பிரஸ்ஸில் கடை அமைத்தால் வழக்கமாக இவற்றுள் ஒன்றே அமையும். அங்கே உங்களுக்குத் தெரிவு வேலை அதிகமில்லை. அட்டவணைகள் 'இன்னோடிபி' வகையா என்று மட்டும் கேளுங்கள். பழைய 'மைஐசாம்' வகையில் டிரான்ஸாக்ஷன் கிடையாது.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல், பிழையான தரவை உள்ளே விடாமல் தடுப்பதில் கண்டிப்பானது. வியாபாரம் வளரும், கிளைகள் வரும், கணக்கறிக்கைகள் தேவைப்படும் என்றால் அது நல்லது. ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும். ஊரில் எவருக்கும் திருத்தத் தெரியாத இயந்திரத்தை வாங்குவது புத்தியல்ல.

எதைத் தெரிவு செய்தாலும் இவற்றைக் கவனியுங்கள். தொலைபேசி இலக்கத்தை எண்ணாக அல்ல, எழுத்தாகவே பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 07இன் முன்னுள்ள பூச்சியம் மறைந்துவிடும். ஓடர் எடுத்த அன்றைய விலையை ஓடரோடேயே எழுத வேண்டும். நாளை விலை கூடினால் பழைய பற்றுச்சீட்டு மாறக்கூடாது. வங்கி அட்டை இலக்கங்களை உங்கள் ஏட்டில் வைக்கவே வேண்டாம். அதைக் கொடுப்பனவுச் சேவையிடம் விட்டுவிடுங்கள். வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் அமானிதம். நம் நாட்டிலும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது.

கடைசியாக, தினமும் ஒரு பிரதி வேறோர் இடத்துக்குப் போக வேண்டும். மாதம் ஒருமுறை அப்பிரதியைத் திறந்து, நேற்றைய ஓடர்கள் அதில் இருக்கின்றனவா என்று தம்பியிடம் காட்டச் சொல்லுங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பிக் கடை நடத்த முடியாது. பணம் கொடுத்து முடிப்பதற்கு முன்பே இதையும் பேசிக்கொள்ளுங்கள்.